நெறியே கட்டவில்லை, லிம்போமா எப்படி வந்தது?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 56. ஏற்காட்டில் சின்னதாகக் காபித் தோட்டம் வைத்திருக்கிறோம். நெஞ்செரிச்சல் விடவே இல்லை என்று சேலத்துக்கு வந்து எண்டோஸ்கோப்பி எடுத்தோம். சிறுகுடல் ஆரம்பிக்கும் இடத்தில் சதை எடுத்துச் சோதித்துவிட்டு, 'ஃபாலிக்குலர் லிம்போமா, கிரேடு 1' என்று ரிப்போர்ட் கொடுத்திருக்கிறார்கள். கழுத்திலோ அக்குளிலோ அவருக்கு ஒரு கட்டிகூட இல்லை. ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம், மருந்து இப்போது தேவைப்படாது என்கிறார் டாக்டர். கேன்சர் என்றும் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவும் சொன்னால் எப்படி? பிள்ளைகளுக்கும் வருமா?

பதில்: பிள்ளைகள் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன் அம்மா. இது ஒட்டுவாரொட்டி இல்லை. அப்பாவுக்கு வந்தால் பிள்ளைக்கும் வரும் என்கிற வகையும் இல்லை. அவர்களுக்கு எந்த டெஸ்ட்டும் எடுக்க வேண்டாம்.

சரி, நெறி கட்டாமல் லிம்போமா எப்படி? லிம்போசைட் என்ற வெள்ளையணுக்களில் வரும் நோய் இது. அந்த அணுக்களுக்கு நெறிக்கட்டிகள்தான் பெரிய மண்டி. ஆனால் செவ்வாய்ப்பேட்டையில் மண்டி இருக்கிறது என்பதற்காகச் சரக்கெல்லாம் அங்கேயேவா கிடக்கிறது? ஓமலூர், ஆத்தூர் கடைகளிலும் இருக்கிறதே. அப்படித்தான் குடல், தோல், தைராய்டு, கண்ணைச் சுற்றிய திசு என்று உடம்பு முழுக்க இந்த அணுக்கள் போய்வருகின்றன. போன இடத்தில் ஓர் அணு கெட்டுப்போனால் அங்கேயே நோய் தொடங்கலாம். பெரும்பாலும் 14, 18ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அதனால் பிசிஎல்-2 என்ற புரதம் மிகுந்துபோய், ஆயுள் முடிந்து சாக வேண்டிய அணு சாகாமல் தங்கிவிடுகிறது. வெறிபிடித்துப் பெருகுவதைவிடச் சாக மறுப்பதுதான் இதன் குணம். மெதுவாக நகர்வதும் அதனால்தான். ரிப்போர்ட்டில் இருக்கும் 'கிரேடு 1' என்பதும் மெதுவான வகை என்பதைத்தான் சொல்கிறது.

உங்கள் வீட்டுக்காரருக்கு வந்திருக்கும் இடம் டியோடினம், அதாவது சிறுகுடலின் தொடக்கப் பகுதி. எண்டோஸ்கோப்பியில் இதைப் பார்த்தால் சேலத்துக்காரர்களுக்குச் சட்டென்று ஜவ்வரிசிதான் ஞாபகம் வரும். குடலின் உள்சுவரில் வெள்ளை வெள்ளையாகப் பொடி மணிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். வேறு எதற்கோ குழாய் விடும்போதுதான் பெரும்பாலும் கண்ணில் படும். உங்கள் கதையும் அதுதான். நெஞ்செரிச்சல் அநேகமாக வேறு சமாச்சாரம். உலக சுகாதார நிறுவனம் 2016இல் திருத்திய வகைப்பாட்டில் இந்த டியோடினல் வகையைத் தனியாகவே பிரித்தது. வருடக்கணக்கில் மருந்தே இல்லாமல் அப்படியே இருப்பவர்கள் ஏராளம். தானாக மறைந்துபோவதும் உண்டு. எதுவும் செய்யாத நோய்க்குக் கீமோ கொடுத்து ஆளை வாட்டுவானேன்?

ஆனால் இதெல்லாம் நோய் அங்கே மட்டும் இருந்தால்தான். வயிற்றுக்குள் இருக்கும் நெறிக்கட்டிகளில் பிடித்த லிம்போமாவும் டியோடினத்துக்குப் பரவலாம், அது வேறு கணக்கு. அதனால் ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். நோய் இருக்கும் இடத்தை ஒளிரவைத்துக் காட்டும் பெட் (PET) ஸ்கேனில் இந்தப் பொடி மணிகள் பல சமயம் ஒளிர்வதே இல்லை. 'ஸ்கேன் சுத்தம், அப்போ நோயே இல்லை' என்று சொந்தக்காரர்கள் சொன்னால் நம்பிவிடாதீர்கள். மற்ற இடங்களில் இல்லை என்று காட்டத்தான் அந்த ஸ்கேன். எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையும், சிறுகுடலின் மீதிப் பகுதியைப் பார்க்க, மாத்திரை மாதிரி கேமராவை விழுங்கும் கேப்ஸ்யூல் எண்டோஸ்கோப்பியும் டாக்டர் கேட்கலாம்.

இடம் மாறினால் வைத்தியமும் மாறும். தலையிலோ முதுகிலோ தோலில் வரும் இதன் உறவுக்கார நோய்க்குக் கதிர்வீச்சே பல நேரம் போதும். டியோடினத்தில் தொந்தரவு கொடுக்க ஆரம்பித்தால் கதிர்வீச்சு கொடுப்போம், அல்லது இந்த அணுக்களைக் குறிவைக்கும் ரிட்டுக்ஸிமாப் ஊசி போடுவோம். ஊசிக்கு முன்னால் ஹெபடைடிஸ் பி டெஸ்ட் கட்டாயம், உள்ளே பதுங்கியிருக்கும் வைரஸை அந்த மருந்து கிளப்பிவிடும். குடல் அடைத்துக்கொண்டால் ஒழிய ஆபரேஷன் பேச்சு வேண்டாம்.

சும்மா இருப்பது என்றால் மறந்துவிடுவது இல்லை. டாக்டர் சொல்லும் இடைவெளியில் எண்டோஸ்கோப்பிக்கு வந்துவிட வேண்டும். நடுவில் காரணமில்லாமல் எடை இறங்கினாலோ, ராத்திரி சட்டை நனைய வியர்த்தாலோ, காய்ச்சல் விட்டுவிட்டு வந்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, கழுத்தில் திடீரென்று கட்டி வளர்ந்தாலோ அந்தத் தேதிக்குக் காத்திருக்காதீர்கள்.

இன்னொரு டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகக் கேளுங்கள். ரிப்போர்ட் பேப்பரை மட்டும் தூக்கிக்கொண்டு போகாமல், லேபில் எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும், அதைச் சீவி ஒட்டிய கண்ணாடி ஸ்லைடுகளையும் வாங்கிப் போங்கள். அவை இல்லாமல் போனால் மறுபடி சதை எடுக்க வேண்டி வரும், 20 கொண்டை ஊசி வளைவையும் மறுபடி இறங்கி ஏற வேண்டும்.

காபி குடிக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, தோட்டக்காரர் கேட்பார். லிம்போமாவுக்கும் காபிக்கும் சம்பந்தமில்லை. நெஞ்செரிச்சலுக்காக வெறும் வயிற்றுக் காபியை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள்.