வாட்டுக்குள் விடாவிட்டால் என்ன, மாட்டுப்பட்டி இருக்கிறது

அக்கா, ஓஎல் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் மகளை டொக்டரின் வேலையைப் பார்க்க ஆஸ்பத்திரி வாட்டுக்குள் விடவில்லை என்று கவலைப்பட்டிருந்தீர்கள். விடாதது சரிதான். கட்டிலில் கிடக்கிறவரின் நோய் அவருடைய சொந்த விஷயம், வேடிக்கை பார்க்க ஆள் நிற்பதை யார் விரும்புவார்?

களுவாஞ்சிகுடியில்தானே இருக்கிறீர்கள்? மகள் நின்று வேலையைப் பார்க்க விடுவார்களா என்று தெரிந்த பாமசியில் கேட்கலாம். ஆனால் நான் முதலில் சொல்வது மிருக வைத்தியர். வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கம் மாட்டுப்பட்டிக்கு அவர் போகும்போது கூட நின்று பார்க்கலாம். மாடு ஆட்சேபம் சொல்லாது. அந்தப் படிப்புக்கும் ஏஎல்லில் உயிரியல் பிரிவுதான்.

அதிபரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். ஒரு நாள் போதாது, மூன்று நாள் கேளுங்கள். முதல் நாள் எல்லாரும் விருந்தாளிக்குக் காட்டுவது போலத்தான் வேலை செய்வார்கள். என் மருமகன் எஞ்சினியர் கனவோடு அம்பாறையில் வாய்க்கால் திருத்தும் இடத்துக்குப் போனான். முதல் நாள் ஒரே புளுகம். இரண்டாம் நாள் மத்தியான வெயிலோடு கனவு போய்விட்டது. இப்போது கணக்கியல் படிக்கிறான், சந்தோஷமாக. செலவு பஸ் காசு மட்டும்தான்.

அங்கே வேலை செய்கிறவரிடம் மகள் அவருடைய சம்பளத்தைக் கேட்க வேண்டாம். "இந்தக் கிழமை எந்த வேலை அலுப்பாக இருந்தது?" என்று கேட்கட்டும். அப்புறம், போனை வெளியே எடுக்கவே வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.