அடைப்புக்குறிக்குள் நடக்கிறவர்

கேள்வி: அக்கா, நான் இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸில் இருக்கிறேன். சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். லண்டனில் ஐடி வேலை. செவ்வாய்க்கிழமை மட்டும் ரயிலில் ஆபீஸ் போவேன், மற்ற நாளெல்லாம் வீட்டிலிருந்தே. எங்கள் கம்பெனியில், வேலைக்குப் போய்வர வரிச் சலுகையோடு சைக்கிள் எடுக்கிற 'சைக்கிள் டு வொர்க்' திட்டம் இருக்கிறது. 2,400 பவுண்டில் ஒரு ரோடு பைக் பார்த்து வைத்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு நாற்பது ஐம்பது மைல் போய்வரத்தான். (மனைவி கேர் ஹோமில் வேலை பார்க்கிறாள். காலை ஏழு மணி ஷிஃப்டுக்கு நாற்பது நிமிடம் நடந்தே போய்விடுவாள். அவளுக்கு இந்தத் திட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள், அதனால் அந்தப் பேச்சு இல்லை.) நண்பர்கள் எல்லோரும் இப்படித்தான் வாங்குகிறார்கள். ஒருவர் மகனுக்கு வாங்கினார், இன்னொருவர் மூன்றே மாதத்தில் விற்றுவிட்டார். எனக்குத்தான் மனசு உறுத்துகிறது. இது தப்பா? வரித்துறையான எச்எம்ஆர்சி கேட்டால் என்ன சொல்வது?

பெயர் வேண்டாம், மில்டன் கீன்ஸ்

பதில்: தம்பி, இந்த நாட்டில் இருபது வருடம் பேரோலில், அதாவது சம்பளக் கணக்குப் பிரிவில், வேலை பார்த்தவள் நான். வருடத்துக்கு நாலு பேராவது என் மேசைப் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தி, இதே கேள்வியைக் கேட்பார்கள். எச்எம்ஆர்சி உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி மைல் கணக்குக் கேட்கப்போவதில்லை. அப்படி நோட்டுப் போட்டு எழுதிவைக்கச் சொல்லி விதியும் இல்லை. அந்தப் பயம் தீர்ந்ததா? இனி அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதியதற்கு வருகிறேன்.

நாற்பது நிமிடம் நடந்தே 'போய்விடுவாள்'. எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! ஏழு மணிக்கு ஷிஃப்ட் என்றால் ஆறேகாலுக்கு வாசலைத் தாண்ட வேண்டும். டிசம்பரில் உங்கள் ஊரில் விடிய எட்டு மணி ஆகிறது. அந்த ஊரில் நடப்பதென்றால் பெரும்பாலும் ரெட்வேதான். சிவப்புத் தார் போட்ட அந்தப் பாதை 200 மைலுக்கு மேல் ஊர் முழுக்க ஓடுகிறது, பகலில் அருமையாக இருக்கும். விடியாத நேரத்தில், ஆள் நடமாட்டமே இல்லாமல், இரண்டு பக்கமும் புதராக, பெரிய சாலை வரும்போதெல்லாம் அதன் அடியில் இறங்கி ஏறி ஒரு பெண் தனியாக நடப்பதை நீங்கள் ஒருநாளாவது கூடப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே போய் நாள் முழுக்க வயதானவர்களைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, படுக்கை மாற்றிவிட்டு, திரும்பவும் அதே நாற்பது நிமிடம். வாரத்துக்கு நாலு ஷிஃப்ட் என்று வைத்தாலும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடை.

காரில் கொண்டுபோய் விடக்கூடாதா என்றால், பிள்ளைகள் தூங்குவார்கள் என்பீர்கள். இருக்கலாம். உங்கள் கடிதத்தில் காரும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. சைக்கிளின் விலைதான் துல்லியமாக இருக்கிறது.

'அவளுக்குக் கிடையாது' என்று சொன்னார்களே, ஏன் என்று கேட்டீர்களா? நான் சொல்கிறேன். இந்தத் திட்டத்தில் சைக்கிளை வாங்குவது கம்பெனி. நீங்கள் வாடகைக்கு எடுக்கிறீர்கள். வாடகையை வரி பிடிப்பதற்கு முன்னாலேயே சம்பளத்திலிருந்து கழிப்பார்கள், சாலரி சாக்ரிஃபைஸ் என்பது அதுதான். அப்படிக் கழித்த பிறகு சம்பளம் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. 2025 ஏப்ரலில் அந்தக் கூலி மணிக்கு 12.21 பவுண்ட். கேர் ஹோம் சம்பளம் பெரும்பாலும் அதை ஒட்டியேதான் இருக்கும், கழிக்க இடமே இருக்காது. தொழிலாளியின் கூலியில் யாரும் கை வைக்கக் கூடாதென்று போட்ட வேலி, உங்கள் மனைவி விஷயத்தில் அவரையே வெளியே நிறுத்திவிட்டது. நீங்கள் 40 சதவீத வரி கட்டுகிறவர் என்று வைத்துக்கொள்வோம். சம்பளத்தில் பிடிக்கிற நேஷனல் இன்ஷூரன்ஸ் 2 சதவீதம் சேர்த்து நூற்றுக்கு 42 பவுண்ட் மிச்சம். 20 சதவீதக்காரருக்கு இன்ஷூரன்ஸ் 8 சதவீதம், அதனால் 28. உங்கள் மனைவிக்குப் பூஜ்யம். வேலைக்குப் போகிறவர்களைக் காரிலிருந்து இறக்கிச் சைக்கிளில் ஏற்றலாம் என்று 1999இல் கொண்டுவந்த சலுகை, அதிகம் சம்பாதிக்கிறவருக்கு அதிகம் தருகிற மாதிரிதான் அமைந்திருக்கிறது. பேரோலில் இருந்த காலத்திலேயே இது எனக்குப் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அது அரசாங்கத்தின் குறை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு நீங்களும் அதே மாதிரி பங்கு பிரிக்க வேண்டுமா?

சரி, 'என் பெயரில் எடுத்து அவளுக்கே கொடுத்துவிடுகிறேன்' என்று உடனே கிளம்பாதீர்கள். அதுவும் ஆகாது. கம்பெனியில் வேலை செய்கிறவர் தன் வேலைப் பயணத்துக்கு ஓட்டுவதற்குத்தான் இந்த வரிவிலக்கு. 2003ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 244ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. சைக்கிளின் ஓட்டத்தில் பாதிக்கு மேல் வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையில் இருக்க வேண்டும். மிச்ச நேரத்தில் நீங்கள் பார்க்கில் சுற்றலாம், வீட்டில் இருப்பவர்களும் எப்போதாவது ஓட்டலாம், தப்பில்லை. முதன்மையாக எதற்கு ஓடுகிறது என்பதுதான் கேள்வி.

வாரம் ஒருநாள்தானே ஆபீஸ் என்ற கவலை உங்களுக்கு வேண்டாம். எத்தனை நாள் என்று சட்டம் கேட்கவில்லை. வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை ஓட்டினாலும் அது வேலைப் பயணத்தின் ஒரு பகுதிதான். செவ்வாய்க்கிழமை ஸ்டேஷனுக்குப் போய்வர மட்டும் ஒரு சாதாரண சைக்கிளை எடுத்து, வேறு எதற்கும் தொடாமல் வைத்திருந்தால் தாராளமாகச் செல்லும். ஆனால் செவ்வாய்க்கிழமை நாலு மைலும் ஞாயிற்றுக்கிழமை ஐம்பது மைலும் ஓடுகிற வண்டியை வேலைக்குப் போகிற வண்டி என்று கையெழுத்துப் போட்டால், அது பொய்க் கையெழுத்து. எதற்கு என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், இனி என்னிடம் தீர்ப்பு எதற்கு? ஞாயிற்றுக்கிழமை சவாரி வேண்டுமா, வரி கட்டிய காசில் வாங்குங்கள். ஆசைப்படுவது குற்றமில்லை.

நண்பர்கள் கதைக்கு அதிக நேரம் செலவழிக்க மாட்டேன். மகனுக்கு வாங்கியவர் மகனின் சைக்கிளுக்கு ஊரார் வரியை வாங்கிக்கொண்டார். மூன்று மாதத்தில் விற்றவர் தன்னுடையதே இல்லாத பொருளை விற்றிருக்கிறார். வாடகைக் காலம் முடிகிற வரை அது கம்பெனியின் சொத்து. முடிந்தாலும் தானாகக் கைக்கு வராது, சந்தை விலை கொடுத்து வாங்க வேண்டும். 500 பவுண்டும் அதற்கு மேலும் விலையுள்ள சைக்கிளுக்கு, ஒரு வருடம் ஆனதும் 25 சதவீதம் என்று எச்எம்ஆர்சி அட்டவணை வைத்திருக்கிறது. நீங்கள் பார்த்துவைத்த வண்டிக்கு 600 பவுண்ட். அதனால்தான் பலரும் இன்னும் மூன்று வருடம் நீட்டித்து, நாலு வருடம் ஆன வண்டியாக 7 சதவீதத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். நடுவில் வேலையை விட்டால், பாக்கி வாடகையைக் கடைசிச் சம்பளத்தில், வரி பிடித்த பிறகு, மொத்தமாகப் பிடிப்பார்கள். இதையெல்லாம் உங்கள் நண்பர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அப்புறம், புதுக்கோட்டை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஊர்க்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறதே என்றுதான் எனக்குக் கோபம். 1990களின் தொடக்கத்தில், எழுத்தறிவு கற்பித்த அறிவொளி இயக்கம் நடந்தபோது, உங்கள் மாவட்டத்தில் ஒரு லட்சம் பெண்களுக்கு மேல் சைக்கிள் பழகினார்கள். கூலி வேலைக்காரர்கள், கல்குவாரியில் கல் உடைத்தவர்கள், அங்கன்வாடிப் பெண்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், அண்ணனையோ புருஷனையோ கூட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம். உங்கள் அம்மாவோ மாமியாரோ அதில் ஒருவராக இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அவர்கள் வீட்டுப் பெண், முப்பது வருடம் கழித்து, இங்கிலாந்தில், இருட்டில் நடந்து போகிறாள்.

2,400 பவுண்டுக்கு அரசாங்கம் உங்களுக்கு விட்டுக்கொடுக்க இருந்தது 1,008 பவுண்ட். அந்தச் சலுகையை மறந்துவிடுங்கள். கிட்டத்தட்ட அதே பணத்தை உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து எடுத்து மனைவிக்குச் செலவழியுங்கள். ஒரு நல்ல சைக்கிள், மட்கார்டோடு. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, இருட்டில் இவை இல்லாமல் ஓட்டுவது இங்கே சட்டப்படி தப்பு. கனமான பூட்டு, மழைக் கோட்டு, கையுறை. இவ்வளவும் வாங்கினாலும் மிச்சம் இருக்கும். நாற்பது நிமிட நடை சைக்கிளில் கால் மணி நேரம்கூட ஆகாது.

ஆனால் நாளைக்கே வாங்கிவந்து, ரிப்பன் கட்டி ஹாலில் நிறுத்தாதீர்கள். முதலில் அவரைக் கேளுங்கள். அந்தப் பாதையில் சைக்கிளிலும் போக பயம் என்று சொல்லலாம். அதற்குப் பதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் எனலாம், அந்தப் பணத்தை டிரைவிங் வகுப்புக்குக் கட்டுங்கள். குளிர்காலம் முடிகிற வரை காலையில் நீங்கள் கொண்டுவந்து விடுங்கள் எனலாம், அலாரத்தை ஐந்தே முக்காலுக்கு வையுங்கள். சைக்கிள்தான் வேண்டும் என்றால் கடைக்கு அவரே போய், ஏறி உட்கார்ந்து பார்த்து, தன் உயரத்துக்கு எடுக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் போகட்டும். அன்றைக்கு வீட்டில் இட்லி ஊற்றுவது உங்கள் வேலை.