அப்பாவுக்கு ஈஜிஎஃப்ஆர் 48. டயாலிசிஸ் வரை போய்விடுமா?

கேள்வியின் சுருக்கம்: அப்பாவுக்கு 62 வயது, 15 ஆண்டுகளாக நீரிழிவு. பலதுறை மருந்தகத்தில் எடுத்த சோதனையில் கிரியேட்டினின் (ரத்தத்தில் தங்கும் கழிவு) 140 மைக்ரோமோல்/லிட்டர், ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகத்தைக் காட்டும் மதிப்பீடு) 48, சிறுநீர் அல்புமின் விகிதம் (சிறுநீரில் கசியும் புரதத்தின் அளவு) 18 மில்லிகிராம்/மில்லிமோல். சிறுநீர் நன்றாகப் போகிறது, கால் வீக்கமும் இல்லை.

சிறுநீர் நன்றாகப் போவதை வைத்து ஆறுதல் அடையாதீர்கள். இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஒன்றரை லிட்டர் போக மீதியை உடலுக்கே திருப்பிவிடுகின்றன. வடிகட்டிகளில் பாதி பழுதானாலும் அந்த ஒன்றரை லிட்டர் வந்துகொண்டுதான் இருக்கும். குறைவது அளவு அல்ல, கழிவை நீக்கும் திறன். வீக்கம், அரிப்பு, பசியின்மை எல்லாம் பெரும்பாலும் மிகத் தாமதமாகவே தலைகாட்டும்.

ஈஜிஎஃப்ஆர் 48 என்பது சிறுநீரக நோயின் மூன்றாம் நிலையின் முதல் பாதி (45 முதல் 59 வரை). 15க்குக் கீழே போனால்தான் கடைசியான ஐந்தாம் நிலை. ஆனால் உங்கள் அப்பா விஷயத்தில் நான் கூர்ந்து பார்ப்பது அல்புமின் விகிதமான அந்த 18ஐத்தான். 3க்குள் இருக்க வேண்டிய எண் அது. அல்புமின் கசிகிறது என்றால் வடிகட்டியின் சுவரே சேதமாகிறது, இதயத்துக்கும் ஆபத்து கூடுகிறது. இந்த நிலையில் டயாலிசிஸ் வரை போகிறவர்களைவிட இதய நோயில் இறப்பவர்களே அதிகம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி ஆகியவையும் இந்த எண்ணை ஏற்றிக் காட்டும். அதனால் காலையின் முதல் சிறுநீரைக் கொடுத்து மூன்று மாதத்துக்குள் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஈஜிஎஃப்ஆரும் மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழேயே நின்றால்தான் நாட்பட்ட நோய் என்று முடிவு செய்வார்கள்.

கசிவைக் குறைக்க லோசார்ட்டன், எனலப்ரில் போன்ற மருந்து தருவார்கள். தொடங்கிய சில வாரங்களில் கிரியேட்டினின் சற்றே ஏறும். "மருந்து கிட்னியைக் கெடுக்கிறது" என்று பலர் தாங்களாகவே நிறுத்திவிடுவது இங்கேதான், அது பெரிய தவறு. வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தம் தணிவதால் வரும் ஏற்றம் அது. 30 விழுக்காடு வரை ஏறினால் பொதுவாக மருந்தைத் தொடர்வார்கள். பொட்டாசியத்தையும் சேர்த்து இரண்டு முதல் நான்கு வாரத்தில் சோதிக்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை நீரிழிவு மாத்திரை அப்பாவுக்குப் பொருந்துமா என்றும் கேளுங்கள். சர்க்கரையைக் குறைப்பதோடு சிறுநீரகச் சரிவையும் மெதுவாக்கும். வாந்தி பேதியில் நீர் வற்றும் நாள்களில் மட்டும் இவற்றையும் மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரையையும் நிறுத்திவைப்பதுண்டு. எதை, எப்போது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மூட்டுவலிக்கு என்ன சாப்பிடுகிறார்? டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், மெஃபனாமிக் அமிலம் ஆகிய மூன்றும் சிறுநீரகத்துக்குள் வரும் ரத்தக்குழாயைச் சுருக்கும். லோசார்ட்டன் வெளியேறும் குழாயை விரிக்கும். கூடவே நீர் மாத்திரையும் இருந்தால் உள்ளே அழுத்தமே நிற்காது, சில நாள்களில் சிறுநீரகம் முடங்கிப்போகலாம். வலிக்குப் பேரசிட்டமால் போதும். சிங்கப்பூரின் தேக்காவிலோ ஊரிலிருந்தோ வாங்கிவரும் லேகியம், பஸ்பம், சூரணம் எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

உப்பு நாளைக்கு மொத்தமே 5 கிராம், ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், கருவாடு தெரிந்த எதிரிகள். தெரியாத எதிரி பராட்டாவுக்கு ஊற்றும் குழம்பும் நூடல்ஸ் சூப்பும். குழம்பைத் தனியாக வாங்கித் தொட்டுக்கொள்ளட்டும், சூப்பைக் குடிக்க வேண்டாம். பேரங்காடியில் கிடைக்கும் சோடியம் குறைந்த உப்பை மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும், லோசார்ட்டனோடு சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். அதே நேரம், ரத்தத்தில் பொட்டாசியம் சரியாக இருக்கும்போது கீரை, வாழைப்பழத்தை எல்லாம் நிறுத்தவும் தேவையில்லை. நட்சத்திரப் பழம் மட்டும் எப்போதும் வேண்டாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதன் நச்சு மூளையைத் தாக்கும்.

ரத்த அழுத்தம் 130/80க்குக் கீழே, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) பெரும்பாலும் 7 விழுக்காட்டை ஒட்டி இருக்கட்டும். ஈஜிஎஃப்ஆர், சிறுநீர் அல்புமின் ஆகிய இரண்டு சோதனைகளையும் ஆண்டுக்கு இருமுறை செய்யுங்கள். ஈஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே போனாலோ அல்புமின் விகிதம் 30ஐத் தாண்டினாலோ சிறுநீரக நிபுணரிடம் அனுப்பும்படி நீங்களே கேளுங்கள்.