ஈஸ்டில் உள்ள தாது உப்புகள்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி (தேவகோட்டை): ஐயா, கோழித் தீவனத்தில் செலினியம் ஈஸ்ட் கலக்கச் சொல்கிறார்கள். ஈஸ்டுக்குள் செலினியம் எப்படி வருகிறது?

பதில்: ஈஸ்ட் எந்தத் தாதுவையும் தானாக உண்டாக்குவதில்லை, வளரும் கரைசலில் இருப்பதைத்தான் எடுத்துக்கொள்ளும். டோருலா என்ற ஒரு வகை ஈஸ்டைப் புரதமாகத் தின்ற எலிகளின் ஈரல் அழிந்ததைத் தொடர்ந்து ஆராய்ந்தபோதுதான், உடலுக்குச் செலினியம் தேவை என்பதை 1957-இல் விஞ்ஞானி கிளாஸ் ஷ்வார்ஸ் கண்டறிந்தார்; அந்த ஈஸ்டில் செலினியம் மிகக் குறைவு. எனவே ஆலைகளில் மொலாசஸ் என்னும் சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகில் ஈஸ்டை வளர்க்கும்போதே சோடியம் செலினைட் என்ற செலினிய உப்பைச் சிறுகச் சிறுகச் சேர்க்கிறார்கள். ஒரேயடியாகக் கொட்டினால் ஈஸ்டின் வளர்ச்சி நின்றுவிடும். கந்தகம் குறைந்த கரைசலில், ஈஸ்ட் கந்தகத்தின் இடத்தில் செலினியத்தை வைத்துச் செலினோமெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தை உருவாக்கித் தன் புரதத்தோடு சேர்த்துக்கொள்கிறது. கோழி அதைத் தின்றால் செலினியம் முட்டையிலும் சேரும். வெறும் செலினைட் உப்பை ஈஸ்டுத் தூளில் பிசறி விற்பது இதற்கு ஈடாகாது. ஆகவே மொத்தச் செலினியத்தோடு செலினோமெத்தியோனின் அளவையும் பொட்டலச் சீட்டில் பாருங்கள்.

கேள்வி (அவரே): எவ்வளவு கலக்கலாம்?

பதில்: இதில் மிகுந்த கவனம் வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு கிலோ ஈஸ்டில் 2,000 மில்லிகிராம் செலினியம் இருந்தால், 50 கிலோ தீவன மூட்டைக்கு 5 கிராம் ஈஸ்டே போதும். அது கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் சேர்க்கும். ஐரோப்பிய ஒன்றியம் செலினியம் ஈஸ்டுக்கு விதித்த உச்ச அளவும் அதுவே. மூட்டைத் தீவனத்தில் ஏற்கெனவே தாது உப்புக் கலவை இருந்தால், அதில் உள்ள செலினியத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். கைப்பிடியால் அள்ளிப் போட்டால் பத்து மடங்கு ஆகிவிடக்கூடும். அளவு மீறினால் முட்டை பொரிப்பது குறையும், கருவிலேயே குஞ்சு ஊனமாகும். 5 கிராமை எடைபோட்டு, முதலில் 100 கிராம் தவிட்டில் கலந்து, அதை ஒரு கிலோ தீவனத்தில் கலந்து, பிறகே மூட்டையில் சேர்த்துப் புரட்டுங்கள்.

கேள்வி (காரைக்குடி): ஆப்ப மாவில் ஈஸ்ட் போட்டால் இரும்புச்சத்து கூடுமா?

பதில்: போடும் சிட்டிகை ஈஸ்டால் கூடாது. ஆனால் மாவு புளிக்கும்போது தானியத்தின் ஃபைட்டிக் அமிலம் ஓரளவு சிதைவதால், அது பிடித்துவைத்திருக்கும் இரும்பும் துத்தநாகமும் உடலில் சேர்வது எளிதாகிறது. மாவை நன்றாகப் புளிக்க விடுவதே பயன் தரும்.

கேள்வி (பள்ளத்தூர்): எனக்கு யூரிக் அமிலம் அதிகம். சத்துக்காக உலர் ஈஸ்ட் சாப்பிடலாமா?

பதில்: பொட்டாசியமும் பாஸ்பரஸும் அதில் நிறைய உண்டு, கூடவே நியூக்ளிக் அமிலமும் மிகுதி. அது உடலில் சிதைந்து யூரிக் அமிலமாகும் என்பதால் நீங்கள் தவிர்ப்பது நல்லது.

கேள்வி (கானாடுகாத்தான்): தீவன ஈஸ்ட் பொட்டலம் ஈரம் பட்டுக் கட்டியாகிவிட்டது. தாது போய்விடுமா?

பதில்: தாது போகாது. ஆனால் கட்டி தீவனத்தில் சீராகப் பரவாமல் ஒரு கோழிக்கு அதிகமாகவும் இன்னொன்றுக்கு ஒன்றுமில்லாமலும் போய்ச் சேரும். பூஞ்சை பிடித்திருக்கவும் கூடும். அதைக் கொடுக்க வேண்டாம்.