பழைய காருக்கு வழிகாட்டிக் கருவி: எதற்காகப் பணம் கொடுக்கிறோம்?

கேள்வி: தென்காசியில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். 2014இல் வாங்கிய என் சிறிய காரில் சாதாரண ரேடியோ மட்டுமே உள்ளது. இரண்டு மாதத்திற்கு ஒருமுறை மகளைப் பார்க்கக் கோயம்புத்தூருக்கும், கோடை விடுமுறையில் பேரக்குழந்தைகளுடன் ஊட்டி, வால்பாறைப் பக்கமும் செல்வோம். வழி காட்டுவதற்குத் தனி ஜிபிஎஸ் கருவி வாங்கலாமா, அல்லது கடைக்காரர் சொல்வதுபோல் ரேடியோவை எடுத்துவிட்டுத் தொடுதிரையுள்ள ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ பொருத்தலாமா? லண்டனிலுள்ள உறவினர் தாம் பயன்படுத்திய பழைய கருவியைத் தருவதாகவும் சொல்கிறார். 15,000 ரூபாய் வரை செலவிட முடியும்.

பதில்: கருவிகளை ஒப்பிடுவதற்கு முன், இதில் நாம் எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சமிக்ஞை உலகம் முழுவதும் இலவசம். அதைப் பெறுவதற்குச் சந்தாவும் வேண்டாம், இணையமும் வேண்டாம். குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை கிடைத்தால் கருவி தன் இருப்பிடத்தைக் கணக்கிட்டுவிடும். உங்கள் சட்டைப்பையிலுள்ள கைபேசியிலும் இந்த வேலையைச் செய்யும் சில்லு ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே செயற்கைக்கோள் என்ற சொல்லுக்காகத் தனியே விலை கொடுக்க வேண்டியதில்லை. நாம் விலை கொடுப்பது வரைபடத்திற்கும், அதைக் காட்டும் திரைக்கும்தான். இவ்விரண்டில் வரைபடமே முக்கியம், ஏனெனில் திரை பல ஆண்டுகள் உழைக்கும், வரைபடமோ சில மாதங்களிலேயே பழசாகிவிடும்.

நீங்கள் செல்லும் கோயம்புத்தூரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவிநாசி சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை சுமார் 10 கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலம் 2025 அக்டோபரில்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் வரைபடம் ஏற்றப்பட்டு, பின்னர் புதுப்பிக்கப்படாத எந்தக் கருவிக்கும் அப்படியொரு பாலம் இருப்பதே தெரியாது. தனிக் கருவிகளின் அடிப்படைச் சிக்கல் இதுதான். அவற்றின் வரைபடம் உள்நினைவகத்தில் இருப்பதால் அவ்வப்போது கணினியோடோ வைஃபையோடோ இணைத்துப் புதுப்பிக்க வேண்டும். பெட்டியின் மேல் ‘வாழ்நாள் வரைபடம்’ என்று அச்சிட்டிருந்தாலும், அந்த வாழ்நாள் உங்களுடையதோ காருடையதோ அன்று. தயாரிப்பாளர் அந்த மாடலுக்கு ஆதரவு தரும் காலம் மட்டுமே. கைபேசிச் செயலிகளில் வரைபடம் செலவில்லாமல் தொடர்ந்து திருத்தப்படுகிறது, போக்குவரத்து நெரிசலும் உடனுக்குடன் தெரிகிறது, குரல் வழிகாட்டுதல் தமிழிலும் கிடைக்கிறது.

எனவே என் முதல் பரிந்துரை, உங்கள் கைபேசியையே வழிகாட்டிக் கருவியாக்குவது. உறுதியான ஹோல்டர் ஒன்றும், காரின் லைட்டர் சாக்கெட்டில் செருகும் நல்ல சார்ஜர் ஒன்றும் வாங்கினால் 2,000 ரூபாய்க்கு உள்ளேயே வேலை முடிந்துவிடும். சார்ஜரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். திரை முழு வெளிச்சத்தில் எரிய, ஜிபிஎஸ்ஸும் இணையமும் ஒருசேர இயங்கும்போது, மலிவான சார்ஜர் கொடுப்பதைவிடக் கைபேசி செலவழிப்பது அதிகமாகி, சார்ஜில் இருக்கும்போதே பேட்டரி இறங்கும். 18 வாட் அல்லது அதற்கு மேற்பட்ட, உங்கள் கைபேசியின் வேக சார்ஜிங் முறைக்கு ஒத்துவரும் சார்ஜரே பொருத்தம்.

ஹோல்டரைக் கண்ணாடியில் ஒட்டுவதைவிட ஏசி காற்று வரும் இடத்தில் மாட்டும் வகையே நம் ஊர் வெயிலுக்கு ஏற்றது. ஐபோனை 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்தும்படி ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. மே மாத நண்பகலில் ராஜபாளையத்தைக் கடக்கும்போது வெயில் விழும் டேஷ்போர்டின் சூடு அதை எளிதில் தாண்டிவிடும், அப்போது கைபேசி தானாகவே திரையை மங்கலாக்கும், அல்லது அணைந்துவிடும். குளிர்காற்று பின்புறம் படும்படி வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. 2020 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், ஓட்டும்போது கைபேசியை வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்த அனுமதிக்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். சேருமிடத்தைப் புறப்படும் முன்பே பதிவு செய்துவிட்டு, பிறகு குரலைக் கேட்டு ஓட்டுவதே முறை.

மலையில் சிக்னல் கிடைக்காதே என்பதுதான் தனிக் கருவி வாங்க விரும்புவோர் எல்லோரும் சொல்லும் காரணம். அது நியாயமான கவலையே, ஆனால் அதற்குச் செலவில்லாத தீர்வு இருக்கிறது. கைபேசிக் கோபுரத்தின் சிக்னல் போனாலும் செயற்கைக்கோள் சமிக்ஞை போவதில்லை, இல்லாமல் போவது வரைபடம்தான். வீட்டு வைஃபையில் கூகுள் மேப்ஸின் ஆஃப்லைன் வரைபடத்தை, நீங்கள் செல்லும் பாதை முழுவதும் அடங்கும்படி முன்னதாகப் பதிவிறக்கி வைத்துவிட்டால், ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் வழி தெரிந்துகொண்டே இருக்கும். நெரிசல் தகவல் மட்டும் கிடைக்காது. துணைக்கு இந்திய நிறுவனமான மேப்மைஇந்தியாவின் மேப்பிள்ஸ் செயலியையும் வைத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள். கைபேசி தன் இருப்பிடத்தை விரைவாகக் கண்டுபிடிப்பது, செயற்கைக்கோள்களின் பாதைத் தகவலை இணையம் வழியாகப் பெற்றுக்கொள்வதால்தான். இணையம் இல்லாத இடத்தில் அத்தகவலைச் செயற்கைக்கோளிடமிருந்தே மெதுவாகப் பெற வேண்டியிருப்பதால் முதல் முறை இருப்பிடம் காட்டத் தாமதமாகும். அதனால் அடிவாரத்தில் சிக்னல் இருக்கும்போதே வழிகாட்டுதலைத் தொடங்கிவிடுங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, தென்காசியிலேயே ஒருநாள் இதைச் சோதித்துப் பார்ப்பதும் நல்லது.

துல்லியத்தைப் பற்றியும் கடைகளில் அதிகம் பேசுவார்கள். திறந்தவெளியில் சாதாரணக் கைபேசியின் பிழை சுமார் 5 மீட்டர்தான். வழி காட்ட அது போதும், ஆனால் மேம்பாலத்தின் மேல் செல்கிறீர்களா, கீழே சர்வீஸ் ரோட்டில் செல்கிறீர்களா என்று பிரித்தறிய அது போதாது. இந்தக் குழப்பம் விலை உயர்ந்த கருவியிலும் வரும். ஜிபிஎஸ் போலவே இயங்கும் குளோனாஸ் (ரஷ்யா), கலிலியோ (ஐரோப்பா), நேவிக் (இந்தியா) என்று பல செயற்கைக்கோள் அமைப்புகளின் பெயர்கள் பெட்டியில் இருப்பது நன்மையே, ஏனெனில் மலைகளுக்கும் உயர்ந்த கட்டடங்களுக்கும் இடையே வானம் குறுகும்போது கூடுதல் செயற்கைக்கோள்கள் கைகொடுக்கும். இன்றைய கைபேசிகளிலும் இவற்றுள் பல உள்ளன என்பதால், அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

இனி ஸ்டீரியோ. வயதின் காரணமாகக் கைபேசியின் சிறிய திரையைப் பார்ப்பது சிரமமாக இருந்தால், அல்லது பின்னால் எடுக்கும்போது பார்க்கக் கேமரா வேண்டுமானால் பெரிய திரைக்குச் செலவிடுவது தகும். ஆனால் தனக்கென்று ஆண்ட்ராய்டு இயங்கும் மலிவான ஸ்டீரியோவை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் ப்ராசஸர் மெதுவானதாக இருக்கும், மென்பொருள் புதுப்பிப்பு பெரும்பாலும் வராது, இணையத்திற்குக் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டையே எதிர்பார்த்திருக்கும். அதற்குப் பதிலாக ஆண்ட்ராய்டு ஆட்டோ (ஆண்ட்ராய்டு கைபேசிக்கு), கார்ப்ளே (ஐபோனுக்கு) வசதியுள்ள திரையைத் தேர்ந்தெடுங்கள். அதில் வேலை செய்வது கைபேசி, திரை வெறும் கண்ணாடிபோல் அதைக் காட்டுகிறது. மூன்று ஆண்டு கழித்துக் கைபேசியை மாற்றினால் திரையின் வேகமும் சேர்ந்தே கூடும். உங்கள் தொகைக்குள் இத்தகைய மாடல்கள் உள்ளன. கடையில் உங்கள் கைபேசியையே இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். நண்பகல் வெளிச்சத்தில் திரை தெரிகிறதா என்று பாருங்கள். காரின் ஒயரை வெட்டி ஒட்டாமல், உங்கள் கார் மாடலுக்குரிய கப்ளரை (செருகும் இணைப்பானை) வைத்தே இணைக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். திரையோடு தனி ஜிபிஎஸ் ஆன்டெனா வந்தால், அதை ஸ்டீரியோவின் பின்னே இரும்புச் சட்டத்துக்குள் திணிக்க விடாமல், டேஷ்போர்டின் மேல் முன்கண்ணாடிக்குக் கீழே வானம் தெரியும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

எதை வாங்கினாலும் அதற்குத் தெரியாத செய்திகள் உண்டு. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, செயலி காட்டிய வழியில் சென்றதாகச் செய்தி வந்த கார் ஒன்று முழுமையடையாத பாலத்திலிருந்து ராம்கங்கை ஆற்றில் விழுந்து மூவர் உயிரிழந்தனர். பேரக்குழந்தைகளோடு செல்பவர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: இருட்டிய பின், சாலை குறுகிக்கொண்டே போனால் திரையை நம்பாமல் வண்டியை நிறுத்தி, அருகில் இருப்பவரிடம் கேளுங்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறை உள்ளது. ஊட்டியிலிருந்து மைசூரு செல்ல நினைத்தால் பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 முதல் காலை 6 மணி வரை மூடப்பட்டிருக்கும். இவற்றைப் புறப்படும் முன் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

லண்டன் உறவினரின் கருவியை அன்பளிப்பாக வந்தால் பெற்றுக்கொள்ளுங்கள், அதை நம்பித் திட்டமிட வேண்டாம். அதில் ஐரோப்பிய வரைபடம்தான் இருக்கக்கூடும், இந்திய வரைபடத்தைத் தயாரிப்பாளர் இன்னும் விற்கிறாரா என்று முதலில் கேட்டறிய வேண்டும். கருவியைத் திறந்தவெளியில் வைத்து, அது காட்டும் தேதியையும் பாருங்கள். ஜிபிஎஸ் வாரங்களை எண்ணும் கணக்கு 1,024 வாரத்திற்கு ஒருமுறை பூஜ்யத்திற்குத் திரும்பும், கடைசியாக அப்படித் திரும்பியது 2019 ஏப்ரல் 6 அன்று. அதற்குப் பின் மென்பொருள் புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் சில ஏறத்தாழ இருபது ஆண்டு பின்தங்கிய தேதியைக் காட்டும். உங்கள் கையில் வருவது அப்படிக் காட்டினால், அதற்கு வரைபடம் வாங்கப் பணம் செலவிடாதீர்கள்.