வாசகர் கேள்வி – பதில்: தரையை விட்டு எழும் அந்தச் சில வினாடிகள்

கேள்வி: பெங்களூரு சி.வி.ராமன் நகரில் இருபது ஆண்டுகளாக வசிக்கிறேன். பழைய மெட்ராஸ் சாலையிலிருந்து எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலைப் பக்கம் செல்லும் சுரஞ்சன் தாஸ் சாலை வழியாகத்தான் தினமும் பேருந்தில் வேலைக்குப் போகிறேன். அந்தச் சுரஞ்சன் தாஸ் பெயர் பெற்ற விமானி என்றும், விமானம் மேலே எழும்பும்போதே விபத்தில் இறந்தார் என்றும் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார். விமானத்தைத் தலைகீழாகவே ஓட்டத் தெரிந்தவர்கள், வெறுமனே மேலெழும்பும்போது எப்படி உயிரிழக்கிறார்கள்? – ஒரு வாசகி

பதில்: பெரியவர் சொன்னது உண்மைதான், அம்மா. குரூப் கேப்டன் சுரஞ்சன் தாஸ், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த சுதி ரஞ்சன் தாஸின் மகன். விமானப் படையில் சேர்ந்து, இங்கிலாந்தில் சோதனை விமானிகளுக்கான பள்ளியில் பயின்று, பெங்களூரிலேயே தம் பணியின் சிறந்த ஆண்டுகளைக் கழித்தவர். ஜெர்மானியப் பொறியாளர் குர்ட் டாங்க் தலைமையில் இங்கு உருவான மாருத் போர் விமானத்தை 1961 ஜூன் 17 அன்று முதன்முதலாக வானில் ஏற்றியவர் அவரே. 1964-ல் கிரண் பயிற்சி விமானத்தின் முதல் பயணமும் அவர் கையால்தான் நடந்தது. பிற்காலத்தில் விமானப் படையின் சூர்ய கிரண் வான்சாகசக் குழுவினர் 2011 வரை ஏலஹங்கா விமானப் படைத் தளத்தில் கூட்டத்தை மெய்ம்மறக்கச் செய்ததெல்லாம் அந்தக் கிரணின் அடுத்த வடிவத்தில்தான்.

மாருத்தின் உடலமைப்புக்கு ஈடான எஞ்சின் கடைசிவரை அதற்குக் கிடைக்கவில்லை. அந்தக் குறையைப் போக்க, எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான வாயுவில் மீண்டும் எரிபொருளைச் செலுத்தி எரித்துக் கூடுதல் வலுவைப் பெறும் 'ரீஹீட்' அமைப்பைப் பொருத்திப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட சோதனை விமானம் ஒன்றில்தான் 1970 ஜனவரி 10 அன்று தாஸ் புறப்பட்டார். மேலெழும்பிய உடனேயே அது விழுந்து அவர் உயிரிழந்தார். விமானி அறையின் கண்ணாடி மூடி திறந்துகொண்டதே காரணமாகச் சொல்லப்படுகிறது. அதே ஆண்டு அரசு அவருக்குப் பத்ம பூஷண் வழங்கியது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வான்சாகசம் செய்யும் விமானிக்கு உயரமும் வேகமும்தான் கையிருப்பு. உயரம் இருந்தால், மூக்கைத் தாழ்த்தி அதை வேகமாக மாற்றிக்கொள்ளலாம். வேகம் இருந்தால் மீண்டும் உயரத்துக்குப் போகலாம். அவர் திறமையெல்லாம் இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் வெளிப்படுகிறது. தரையை விட்டு எழும் விமானத்திடமோ இந்த இரண்டுமே சொற்பம். தொட்டி நிறைய எரிபொருள், முழுதும் உள்ளே மடங்காத சக்கரங்கள், பறப்பதற்கு மட்டும் போதுமான வேகம் என்னும் நிலையில், திறந்துகொண்ட ஒரு மூடி உண்டாக்கும் காற்றுத் தடையே விமானத்தை மேலே ஏறவிடாமல் பிடித்து இழுத்துவிடும். மூக்கை உயர்த்தினால் இருக்கிற வேகமும் போய் இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும். தாழ்த்தினாலோ கீழே தரை காத்திருக்கிறது. ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம் என்று சாய்த்தால், இந்தக் குறைந்த வேகத்தில் சாய்ந்த இறக்கையால் எடையைத் தாங்க முடியாது. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் ஒரு வினாடியில் ஏறத்தாழ 83 மீட்டர் கடக்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். என்ன நேர்ந்தது என்று உணர்ந்துகொள்ளவே இரண்டு மூன்று வினாடிகள் போய்விடும்.

இருக்கையோடு வெளியே பாய்ந்து தப்பலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். விமானம் தாழ்ந்துகொண்டோ பக்கவாட்டில் சாய்ந்துகொண்டோ இருக்கும்போது, பாராசூட் விரிவதற்கு வேண்டிய உயரத்தை அந்த இருக்கையால் தர முடியாமல் போகலாம். 2019 பிப்ரவரி 1 அன்று, இதே எச்.ஏ.எல். விமான நிலையத்தில், மேம்படுத்தப்பட்ட மிராஜ் 2000 பயிற்சி விமானம் மேலெழும்போது விபத்துக்குள்ளானது. ஸ்குவாட்ரன் லீடர்கள் சமீர் அப்ரோல், சித்தார்த்த நேகி ஆகிய இருவரும் வெளியேறியும் பிழைக்கவில்லை. அவர்களும் சோதனை விமானிகளே.

இத்தகைய மரணங்களைப் பற்றிப் பேசும்போது, 'இவ்வளவு அனுபவம் இருந்தும் கவனம் தவறிவிட்டார்' என்று சிலர் சுலபமாகச் சொல்வது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. ஒரு விமானத்தின் குறைகளை அதில் ஏறி அமர்ந்து கண்டறிவதுதான் சோதனை விமானியின் தொழில். அவர் கண்டறிந்தபின் திருத்தப்பட்ட விமானத்தில்தான் மற்றவர்கள் ஏறுகிறார்கள்.

கேள்வி: என் பேரப்பிள்ளைகள் மாருத் விமானத்தைப் பார்க்க விரும்புகிறார்கள். எங்கே அழைத்துச் செல்லலாம்? – அல்சூரிலிருந்து ஒரு தாத்தா

பதில்: கப்பன் பூங்கா அருகே உள்ள விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தின் வெளியிலேயே ஒரு மாருத் நிற்கிறது, ஐயா. பழைய விமான நிலையச் சாலையில் உள்ள எச்.ஏ.எல். அருங்காட்சியகத்திலும் காணலாம். பிள்ளைகளை முதலில் பக்கவாட்டில் நிறுத்திக் காட்டுங்கள்: ஊசி போன்ற மூக்கு, பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை, விமானி அறைக்கு இருபுறமும் காற்றை உள்ளிழுக்கும் குறுகிய வாய்கள். பிறகு அந்தக் கண்ணாடி மூடியைக் காட்டுங்கள். ஒருவர் அமரும் அகலம்தான் இருக்கும். அதன் விளிம்பு விமானத்தின் உடலோடு சேரும் கோடு, கீழே நின்று பார்த்தால் பென்சிலால் கிழித்தது போல அத்தனை மெலிதாகத் தெரியும்.