கேள்வி கேட்டால் நம்பிக்கை குறைந்துவிடுமா?

கடவுளைப் பற்றிக் கேள்வி எழுந்தாலே குற்றவுணர்வு வருகிறது, எதையும் கேட்காமல் இருப்பதுதான் விசுவாசமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. கேள்வியை விழுங்கிய ஆண்டுகளில்தான் என் நம்பிக்கை வற்றிப்போனது.

எனக்கு 14 வயதாக இருந்தபோது தங்கை காய்ச்சலில் இறந்துவிட்டாள். வீடே முழங்காலில் நின்று ஜெபித்திருந்தது. "அத்தனை பேர் கேட்டோமே, ஏன் கொடுக்கவில்லை?" என்று ஞாயிறு பள்ளியில் கேட்டேன். "தேவ சித்தத்தைக் கேள்வி கேட்கக் கூடாது" என்றார் ஆசிரியர். நல்ல மனிதர்தான், பதில் இல்லையே என்ற பயம் அவருக்கு. அதன்பின் வெகுகாலம் என் உதடு மட்டும்தான் ஜெபித்தது.

கல்லூரி முடித்த பிறகு வயதான போதகர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் பைபிளிலுள்ள பாடல்களில் ஒன்றான 13ஆம் சங்கீதத்தை எடுத்து என்னை உரக்க வாசிக்கச் சொன்னார். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும் சங்கீதம் அது. "எதுவரைக்கும் என்று எத்தனை முறை வருகிறது, எண்ணிப் பாருங்கள் தம்பி" என்றார். விரல் வைத்து எண்ணினேன். முதல் இரண்டு வசனங்களில் நான்கு முறை! ஆறாம் வசனத்தில், அப்படிக் கேட்ட அதே மனிதர் கடவுளைப் பாடுகிறார். இடையில் அவருக்கு விடை எதுவும் தரப்படவில்லை.

அன்றிரவு பைபிளில் யோபின் புத்தகத்தைத் திறந்தேன். எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட ஒரு நல்ல மனிதரின் கதை அது. யோபு என்றால் பொறுமை என்று மட்டுமே அதுவரை கேள்விப்பட்டிருந்தேன். உள்ளே அதிகாரம் அதிகாரமாக அவர் வழக்காடுகிறார். கடைசியில், 42ஆம் அதிகாரத்தில், கடவுளுக்காகப் பரிந்து பேசிய நண்பர்கள்மீது கடவுளே கோபப்படுகிறார். யோபு பேசியதே சரி என்கிறார். அந்தக் கேள்வி மட்டும் உறுத்தாதிருந்தால் நான் இதைத் தேடிப் படித்தே இருக்க மாட்டேன்.

மற்ற சமயங்களிலும் இதற்கு இடம் உண்டு. ஞானிகளைப் பணிந்து, கேட்டு, தொண்டு செய்து அறிந்துகொள் என்கிறது கீதை (4:34). இறந்தோரை எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று இறைவனிடம் கேட்கும் இறைத்தூதர் இப்ராஹீம், நம்பவில்லையா என்று கேட்கப்பட்டதும், நம்புகிறேன், என் உள்ளம் அமைதிபெறவே கேட்டேன் என்கிறார் (குர்ஆன் 2:260).

யாரிடம் கேட்பது என்பதில் மட்டும் கவனமாக இருங்கள். "எனக்கும் தெரியாது, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லக்கூடிய ஒருவரிடம் போங்கள்.

என் கேள்விக்கு இன்றும் விடை வரவில்லை. தங்கையின் பிறந்தநாளன்று அதையே மறுபடி கேட்கிறேன். ஆண்டிலேயே நான் மிக நீண்ட நேரம் ஜெபிப்பது அன்றுதான்.